புகையில் சொன்ன முகவரி

அன்பு நொம்சா அக்கா,

நீங்கள் போய் ஏழு வாரம். சனிக்கிழமை உங்கள் அப்பார்ட்மென்டை மகள் லிண்டி ஒப்படைத்துவிட்டாள். நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

டோர்செட் பார்க்கில் உங்களுக்குப் பக்கத்தில் நாங்கள் குடிவந்த முதல் கிழமை, கொரிடோர் எல்லாம் ஒரு மணம். "ஆரோ சாம்பிராணி போடினம். எங்கட ஆக்கள்தான்," என்று என் மனைவி வடைத் தட்டோடு உங்கள் கதவைத் தட்டினாள். திறந்தது தென்னாபிரிக்காவிலிருந்து வந்த நீங்கள். கையில் ஒரு சின்ன மண்சட்டி. அதில் காய்ந்த செடியொன்று புகைந்துகொண்டிருந்தது. சாம்பல் நிற இலை, மஞ்சள் பூ. இம்பெபோ என்றீர்கள். ஊரில் உங்கள் அம்மா வைத்தியம் செய்தவர். நோயாளியைத் தொடுமுன் இதைக் கொளுத்தி முன்னோரிடம் கேட்பாராம்.

நான் நிருபர் அல்லவா? குறிப்புப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தேன். என்ன நோய்க்கு? புகையை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும்? சிரித்தீர்கள். நாம் பேசியது ஆங்கிலத்தில். பிறகு 'தம்பி' மட்டும் தமிழில் வந்து ஒட்டிக்கொண்டது. "தம்பி, இது மூக்குக்கு இல்லை, டெலிபோன். கொளுத்தினால் பேச வேண்டும். வீட்டில் நடப்பதைச் சொல்ல வேண்டும்."

என் மனைவிக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று, இம்பெபோ கொளுத்தி, இறந்துபோன உங்கள் அம்மாவுக்கு அவள் பெயரைச் சொன்னீர்கள். நீளமான பெயர் என்று எழுத்துக்கூட்டியும் சொன்னீர்கள். நினைவிருக்கிறதா?

வீடு மாறும்போது சொல்லாமல் போனால், இறந்தவர் பழைய வீட்டிலேயே தேடித் திரிவார் என்று சொன்னதும் நீங்கள்தான். லிண்டிக்கு அதுதான் பயம். மிசிசாகாவில் வேலை, அங்கேயே வீடு. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு உங்கள் வீட்டுத் திறப்பைக் கொடுக்க வேண்டும். ஏழு வாரமாக உங்களோடு ஒரு சொல் பேச அவளால் முடியவில்லை. "அங்கிள், எனக்கு அம்மாவின் சூலு மொழி சரியாக வராது. வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. நீங்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்."

ஸ்மோக் அலாரத்துக்குப் பயந்து பால்கனியில் கொளுத்தினோம். சரியான காற்று, நாலு தீக்குச்சி போனது. செய்தி வாசிப்பவன் மாதிரி நிமிர்ந்து நின்று தொடங்கினேன்.

"நொம்சா அக்கா, உங்கள் மகள் இன்று மிசிசாகா போகிறாள். நாலாம் மாடி..."

"மூன்றாம் மாடி, அங்கிள்!"

"நாலு என்றுதானே சொன்னாய்?"

"நாலு அந்தக் கட்டிடத்தின் நம்பர்!" என்றவள் என்னைத் தள்ளிக்கொண்டு சட்டிக்கு முன்னால் குந்தினாள். "அம்மா, அவர் சொல்வதைக் கேட்காதே. மூன்றாம் மாடி. லிஃப்டால் இறங்கி இடப்பக்கம், கடைசிக் கதவு. கிச்சன் சின்னது, நீ ஏசுவாய். ஆனால் வெயில் வரும்..."

நிறுத்தவேயில்லை, அக்கா. அழுதாள், சிரித்தாள், பேசினாள். நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் பிழையை ஒருவர் திருத்தி நான் இப்படி மகிழ்ந்ததில்லை.

காரிலும் வழியெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்: இப்போது ஹைவேயில் ஏறுகிறோம், இப்போது விமான நிலையம் தெரிகிறது. நான் காரை ஓட்டினேன். பின் சீட்டில் இருந்தீர்களா? கதவைச் சரியாகக் கண்டுபிடித்தீர்களா?

மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் மனைவியும் அங்கே போவம். உங்களோடு பேச லிண்டிக்கு வாய் வராத நாளில், நான் ஏதாவது ஒன்றைப் பிழையாகச் சொல்லி வைப்பன்.

உங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி,
தேவன்