சின்னவள் தூங்குகிறாள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதினால் பச்சைப் பொய். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆன பிறகு நன்றாகத் தெரிகிறது, நான் கழுவி வைத்த தட்டில் ஒட்டியிருக்கிற பருக்கை வரைக்கும் தெரிகிறது, அந்த மட்டில் ஆபரேஷன் வெற்றி. போனில் பேசுகிறவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று பதறாதே. நம் வீட்டில் போன் பேசினால் அது மைக் வைத்துப் பேசுகிற மாதிரிதான். ஹாலில் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், உள்ளறையில் அத்தை கதவை ஒருக்களித்து வைத்திருப்பாள், நான் ஹலோ சொல்வதற்குள் அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு கத்துகிற கத்தலில் உனக்குப் போன் இல்லாமலே கேட்கும். அதனால் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பூங்காவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், இந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை.

விஷயம் சின்னவளைப் பற்றி. போன வாரம் நீ அவளைக் கூப்பிட்டு, ஒரே ஊருல வீட்டை வெச்சுக்கிட்டு தனியா ரூம் எதுக்கு, அவங்களுக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன் என்று சொன்னாயாம். சொன்னது நீதானா, இல்லை அப்பா உன் காதில் ஊதிச் சொல்லவைத்தாரா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நான் சொல்கிறதையும் முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படு. உன் அப்பாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்குப் புதிதல்ல. அக்காவும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குளியலறை, ஒரே டிவி, ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. ஏன் என்று அத்தையைக் கேட்டால் தன் தையல் மெஷினைத் தன்னைக் கேட்காமல் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டான் என்பாள். அப்பாவைக் கேட்டால், விருந்தாளிகளுக்கு முன்னால் தன்னைக் குடிகாரன் என்றாள், அன்றைக்குப் பார்த்துத் தான் குடிக்கவே இல்லை என்பார். அதில் அவருக்கு எத்தனை வருத்தம் பார். ஆரம்பத்தில் இரண்டு பேரும் என்னிடம்தான் சொல்லியனுப்பினார்கள். நான் போகிற வழியில் என் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுகிறேன் என்று கண்டுபிடித்து என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அப்புறம் நீ. உனக்கு ஞாபகம் இருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை எழுப்பி, உங்க அத்தைகிட்டப் போய் ஃபேனை நிறுத்தச் சொல்லு என்பார். அடுத்த நிமிஷம் அங்கிருந்து, உங்கப்பன்கிட்டச் சொல்லு, இது அவன் ஓட்டுன பஸ் இல்லன்னு என்று வரும். நீ வெளிநாட்டு வேலை கிடைத்துப் பெட்டியைத் தூக்கினாய், எல்லோரும் கைதட்டி வழியனுப்பினோம். உன் பங்கும் சேர்ந்து சின்னவள் தலையில் விழுந்தது. அதைக் குத்தலாகச் சொல்லவில்லை கண்ணா, நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் பல் செட் செய்கிற லேபில் சேர்ந்து நல்ல பெயர் எடுத்திருக்கிறாள், அது உனக்குத் தெரியும். டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்து மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்க வேண்டும், ஒரு மயிரிழை கூடினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு வாய் மூடாது. அவ்வளவு பொறுமையான கை நம் வீட்டில் யாருக்கும் இல்லை. அந்தக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. லேப் முதலாளியம்மாவே என்னைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு சாயங்காலம் ஆக ஆகத் தப்பு பண்றா, வீட்டுக்குப் போற நேரம் வந்தாலே முகம் வெளுத்துடுது, வீட்ல என்னங்க என்று கேட்டாள். நான் என்ன சொல்ல. வீட்டில் யாரும் அடிப்பதில்லை, திட்டுவதுகூட அவளை இல்லை. அவள் வழியாகத் திட்டுகிறார்கள், அவ்வளவுதான். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு பக்கமிருந்தும் அன்றைய சரக்கு வந்து நிற்கும். இதை வெளி மனிதரிடம் எப்படி விளக்குவது சொல்.

அவளே ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். லேபுக்குப் பக்கத்தில் சலவைக் கடை மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, அங்கே போய் இருந்துகொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றாள். உன் அப்பா கத்தவில்லை. அதுதான் ஆச்சரியம். தட்டைப் பார்த்துக்கொண்டே, உங்க அத்தைகிட்டப் போய்ச் சொல்லு, அவ வளர்ப்பு இந்த லட்சணத்துலதான் இருக்கும்னு என்றார். இவள் என்ன செய்தாள் தெரியுமா? பழக்க தோஷம், எழுந்து போனாள். தன்னைப் பற்றிய வசவைத் தானே சுமந்துகொண்டு போய் உள்ளறையில் இறக்கிவைத்தாள். அத்தை அவளுக்கே உரிய, நூலகத்தில் பேசுகிற மாதிரி அடங்கின குரலில், உங்கப்பன்கிட்டச் சொல்லு, அவன் கத்துற கத்துக்குப் பயந்துதான் புள்ள ஓடுதுன்னு என்றாள். இவள் திரும்பி வந்து அதைச் சொன்னாள். அவர் ஒன்று சொன்னார், இவள் போனாள். அவள் ஒன்று சொன்னாள், இவள் வந்தாள். போகலாமா கூடாதா என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை, அவள் போவதைப் பற்றிய சண்டையை அவளே நடந்து நடந்து நடத்திக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டு நிற்கிறேன், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவே பாதி வழியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னடி என்றேன். அம்மா, இப்ப என் வாயில இருக்குறது யாரு சொன்னதுன்னு மறந்துபோச்சும்மா என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

அடுத்த வாரம் பையைக் கட்டினாள். கட்டின அன்றைக்கே அத்தைக்குத் தலை சுற்றல். முனை வீட்டு டாக்டர் வந்து பார்த்து, உங்க எல்லாரையும்விட இந்தம்மாதான் கல்லு மாதிரி இருக்காங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் இவள் பையை அவிழ்த்தாள். இன்னொரு தடவை கட்டியபோது அப்பா சாப்பிடவில்லை. என் கண்ணுக்கு முன்னால் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொள், பிஸ்கட் டப்பா காலி ஆனது எனக்குத்தானே தெரியும். மறுபடி அவிழ்த்தாள். இவர்களை ராட்சசர்கள் என்று நினைக்காதே, இரண்டு பேருக்கும் அவள் மேல் உயிர். அவள் போய்விட்டால் எப்படி வாழ்வது என்று நிஜமாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. உப்பு எங்கே என்று கேட்பதற்குக்கூட ஆள் வேண்டியிருக்கிறதே. ஆனால் அதற்காக ஒரு பெண்ணின் இளமை முழுவதையும் உப்பு கேட்கக் கொடுத்துவிட முடியுமா? மூன்றாவது தடவை நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவள் மெத்தையைச் சுருட்டி நானே தோளில் வைத்துப் படி இறங்கினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தார், பஸ் ஓட்டின பழக்கம், கோபம் வந்தால் இன்னமும் பிரேக் போடுகிறார் மனிதர். எனக்கு மூச்சு வாங்கியது, இடுப்பு விட்டுப்போனது, ஆனால் இந்த மெத்தையை மறுபடி மேலே ஏற்ற என்னால் முடியாது, சொல்லிவிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

போனாள், சரி. நிம்மதியாக இருக்க விட்டார்களா? இப்போது எல்லாம் போன் வழியாக. உன் அப்பா ஹாலில் இருந்துகொண்டு லேபில் இருக்கிற மகளைக் கூப்பிட்டு, உங்க அத்தைகிட்ட டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு என்கிறார். அத்தை இருப்பது அவருக்கு எட்டடி தள்ளி. இவள் அங்கே கையில் மெழுகோடு, கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு அத்தையைக் கூப்பிடுகிறாள். நம் வீட்டுக்குள்ளேயே அத்தையின் போன் அடிப்பது எனக்குக் கேட்கிறது. உலகத்தில் வேறெந்த வீட்டிலாவது இப்படி உண்டா சொல். இதெல்லாம் போதாதென்று நீயும் சேர்ந்துகொண்டாய். நீ பேசின அன்று அவள் என்னைக் கூப்பிட்டு, அண்ணனே சொல்லிடுச்சும்மா, நான்தான் சுயநலமா இருக்கேன் போல, மாசக் கடைசியில வந்துடுறேன் என்று அழுதாள். உன் சொல்லுக்கு அவளிடம் எவ்வளவு மதிப்பு என்று உனக்குத் தெரியாது. இவர்கள் இரண்டு பேரும் போன் போட்டு இழுத்தும் திரும்பி வராதவள், நீ ஒரு வார்த்தை சொன்னதும் பையை எடுத்துவிட்டாள்.

அதனால்தான் அவளுடைய லீவு நாளில் நான் போய்ப் பார்த்தேன். அறையைப் பற்றி உனக்குச் சொல்கிறேன், நீ ஏதோ பெரிய மாளிகைக்குக் குடிபோய்விட்டாள் என்று நினைத்திருப்பாய். ஒரு ஜன்னல், ஒற்றை அடுப்பு, கால் நீட்டினால் கதவில் இடிக்கும். கீழே சலவை மெஷின் ஓடுவதால் தரை எப்போதும் இளஞ்சூடாக, லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது, சுவரெல்லாம் சோப்பு வாசனை. மூலையில் பை பாதி கட்டியபடி. முட்டை பொரித்து ரொட்டியோடு கொடுத்தாள், கொஞ்சம் கருகியிருந்தது, நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டேன். பேசிக்கொண்டே இருந்தவள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். நம் வீட்டில் அவள் தூங்கி நீ பார்த்திருக்கிறாய், யாராவது கனைத்தால் போதும், தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்து யாருக்கு என்னம்மா என்பாள். இங்கே கீழே அத்தனை பெரிய மெஷின் தடதடக்கிறது, தெருவில் லாரி போகிறது, பக்கத்து அறையில் யாரோ ஆணி அடிக்கிறார்கள், பெண் அசையவில்லை. வாயைத் திறந்துகொண்டு, எச்சில் ஒழுக, கைக்குழந்தையாக இருந்தபோது தூங்கின மாதிரி தூங்கினாள். தலையணையை எடுத்து வைத்துச் சாய்த்துப் படுக்க வைத்தேன், அதற்கும் எழவில்லை. அந்தக் கையை எடுத்துப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. நான் கொஞ்ச நேரம் அழுதேன், மறைப்பானேன்.

அப்போது அவள் போன் அடித்தது. உன் அப்பாதான். நான் எடுத்தேன். நான்தான் எடுத்தேன் என்றுகூடப் பார்க்காமல், உங்க அத்தைகிட்டச் சொல்லு, பாத்ரூம் கதவைச் சாத்திட்டு வரணும்னு என்று ஆரம்பித்தார். நான், அவ தூங்குறா, கதவை நீங்களே எழுந்து சாத்துங்க, இல்லன்னா பக்கத்துல இருக்குற மனுஷிகிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க என்றேன். அவர் போனை வைக்கவும் மறந்துவிட்டார், உனக்குத் தெரியும் அவர் பட்டன் அழுத்துகிற அழகு. அந்தப் பக்கம் டிவி ஓடுகிறது எனக்குக் கேட்கிறது. நாற்காலி கிறீச்சிடுகிறது. பிறகு உள்ளறைப் பக்கமிருந்து அத்தையின் குரல், யாரிடம் கேட்கிறோம் என்றே இல்லாமல், என்னவாம் என்று கேட்டாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வெகு நேரம் கழித்து உன் அப்பா சொன்னார், தூங்குறாளாம். பிறகு, அவர் தொண்டையில் அவ்வளவு சன்னமான குரல் இருப்பது எனக்கே தெரியாது, போன் பண்ணாதே அவளுக்கு, தூங்கட்டும் என்றார். அத்தை சரி என்றாள். அவ்வளவுதான். இதைப் பெரிய சமாதானம் என்று நினைத்துவிடாதே, நான் வீடு திரும்பினபோது ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், பாத்ரூம் கதவும் திறந்துதான் கிடந்தது. ஆனால் அவள் அங்கே இல்லாததால்தான் அந்த இரண்டு வார்த்தையும் வந்தது. இருந்திருந்தால் அதையும் அவள்தான் சுமந்திருப்பாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் எழுந்தாள். கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, யாராச்சும் கூப்பிட்டாங்களாம்மா என்று. யாரும் இல்லை என்றேன். அவள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிக்கவும் இல்லை, மீதியைக் கட்டவும் இல்லை. அண்ணன் என்ன நினைக்குமோ என்று மட்டும் சொன்னாள்.

இப்போது உன் வேலை உனக்குப் புரிந்திருக்கும். மாதம் முடிவதற்குள் அவளைக் கூப்பிடு. காலையில் கூப்பிடாதே, லேபில் கை வேலையாக இருப்பாள். நீ அந்த அறையிலேயே இரு, நான் போன வாரம் சொன்னது தப்பு என்று அவளிடம் சொல். கூடவே என்ன சமைத்தாய், எத்தனை பல் செய்தாய் என்று கேள், அதைக் கேட்க யாருமே இல்லை அவளுக்கு. நல்லபடியாக இருங்கள் இரண்டு பேரும், எங்கே இருந்தாலும் நிம்மதியாகத் தூங்குங்கள், அதற்கு மேல் நான் கடவுளிடம் எதையும் கேட்பதில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இன்னொன்று, மறந்துவிடாதே. அம்மா, நீயே அவகிட்டச் சொல்லிடு என்று எனக்குச் சொல்லியனுப்பாதே. நான் சொல்லமாட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை நீ உன் வாயால் அவளிடம் சொல்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா