ஜாக் கட்டையில் எட்டு ஸ்வரம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று ஒரு மரம் தண்ணீரில் மூழ்கியதைப் பார்த்தேன்.

கௌசிக் மாமா ஆப்பிரிக்காவில் இரண்டு வருடம் போர்வெல் ரிக் ஓட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஜாக்குக்கு அடியில் வைக்க அங்கே வாங்கிய கட்டை ஒன்றும் ரிக்கோடு கப்பலில் வந்திருக்கிறது. கருஞ்சிவப்பு நிறம், ஒன்றரை அடி நீளம், ஏழு கிலோ. என்ன மரம் என்று கேட்டேன். "அங்க ஆளுக்கொரு பேர் சொல்றாங்க சாமி. ஆணி இறங்காத மரம்னு வெச்சுக்கோ" என்றார்.

தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். நேராக அடிக்குப் போய்விட்டது. எடுக்கும்போது கை நழுவித் தரையில் விழுந்தது. டங்! மரம் இப்படிக் கூடவா ஒலிக்கும்? இன்னும் இரண்டு தடவை வேண்டுமென்றே போட்டேன். அம்மா திட்டினாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வட்டாரக் கலைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். வாத்தியப் பிரிவுக்கு நானும் என் தோழி சத்யபிரியாவும் எழுந்து நின்றோம். ஒன்பதாம் வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியை சிரிக்கவில்லை. "வாத்தியமே இல்லாம வாத்தியப் போட்டிக்கு எப்படிம்மா பேர் அனுப்பறது? 22ஆம் தேதி கடைசி. அதுக்குள்ள என் மேசை மேல ஒரு வாத்தியம் இருந்தா அனுப்பறேன்."

எங்கள் பள்ளியில் இருப்பது ஒரு மணி. அதையும் வாட்ச்மேன்தான் அடிப்பார்.

ஆகஸ்ட் 6, புதன்

மாமாவிடம் புலம்பினேன். அவர் வேலை பார்த்த ஊரில் இரண்டு வாழைத்தண்டைப் படுக்க வைத்து, மேலே கட்டைகளை அடுக்கி, குச்சியால் அடித்து வாசிப்பார்களாம். நான் ஜாக் கட்டையைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். "எடுத்துக்கோ போ. ஜாக்குக்கு நான் வேற கட்டை பாத்துக்கறேன்."

ஆகஸ்ட் 9, சனி

அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் தச்சர். கட்டையை நசுருல்லா மாமாவின் மரம் அறுக்கும் மில்லுக்கு எடுத்துப் போனோம். ரம்பம் கத்தியது, புகைந்தது. எரிந்த மிளகு வாசனை. எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல்.

"ஏனுங் தனசேகரு, மரம்னு சொல்லி ரயில் தண்டவாளத்தக் கொண்டாந்துட்டீங்களா? என்ற பிளேடு பல்லெல்லாம் போச்சு!"

"பொண்ணு ஆசைப்பட்டுருச்சுங்க பாய்."

"நல்லவேளைங்க, யானை மேல ஆசைப்படல."

பன்னிரண்டு சின்னக் கட்டைகள் வர வேண்டியது. வெயிலில் கிடந்த கட்டை என்பதால் நான்கில் விரிசல். நல்லது எட்டு. ச ரி க ம ப த நி ச. சரியாக எட்டு! ஆனால் ஒன்று கெட்டாலும் மாற்று கிடையாது. அந்த மரம் இந்த ஜில்லாவிலேயே இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அழுதுவிட்டேன். எழுதக்கூடப் பிடிக்கவில்லை.

நான் டியூஷன் போய் வருவதற்குள் அப்பா எனக்கு ஆச்சரியம் தர வேண்டுமென்று இரும்புச் சட்டம் போட்டு, எட்டுக் கட்டைகளுக்கும் இரண்டு நுனியிலும் துளை போட்டு, நட்டு போல்ட் வைத்து முடுக்கிவிட்டார். ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் வேறு. அடித்தால் டப். எல்லாமே டப், டப், டப். அட்டைப்பெட்டி மாதிரி. எம்மரத்த எல்லாம் நாசம் பண்ணிட்டீங்களேன்னு கத்திட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

"நட்டு டைட்டா இல்லாட்டி ராசிபுரம் தாண்டறதுக்குள்ள கழண்டுருமே சாமி" என்றார். பாவம், அவர் கைக்கு லாரிதான் தெரியும். அவர் கட்டிய லாரி பம்பாய் வரைக்கும் போய் வந்தாலும் ஒரு பலகை ஆடாது. ஆனால் இது ஆட வேண்டுமே?

ஆட வேண்டும்! அதனால்தான் அங்கே வாழைத்தண்டு! மெத்தென்று இருக்கும், கட்டையை இறுக்காது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நூலகத்தில் இயற்பியல் புத்தகம் கிடைத்தது. கட்டையைத் தட்டும்போது அது முழுவதும் அதிர்வதில்லை. இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் இருக்கும். அங்கே மட்டும் தாங்கினால் ஒலி சாகாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க உப்பைத் தூவ வேண்டும்.

சமையலறையில் இருந்து தூள் உப்பு எடுத்து வந்தேன். போல்ட்டைக் கழற்றி, ஒரு கட்டையை இரண்டு பஞ்சு உருண்டை மேல் வைத்து, நடுவில் மெல்லத் தட்டத் தட்ட உப்பு துள்ளியது, நகர்ந்தது, குறுக்கே இரண்டு கோடுகளாகப் போய் நின்றது. யாரோ விரலால் இழுத்த மாதிரி!

அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். உப்பை ஊதிவிட்டுத் திரும்பத் தூவச் சொன்னார். அதே இடம். மூன்றாவது தடவை அவரே தட்டினார். அதே இடம்.

"இருவது வருசமா மரத்துல கெடக்கறேன், இது எனக்குத் தெரியலியே" என்றார். பிறகு பென்சிலை எடுத்து உப்புக் கோட்டில் அடையாளம் போட்டார். ஞாயிறன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "போ புள்ள, பென்சிலப் புடி" என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் நேராகப் பட்டறை. பழைய துளை இருந்த நுனிகளை அறுத்து எறிந்தோம். கட்டை குட்டையானதும் ஒலி மேலே ஏறியது. குறித்து வைத்துக்கொண்டேன். ஸ்வரத்துக்கு ஒரு நீளமாக வெட்டி, புதிதாக உப்புத் தூவி, உப்புக் கோட்டில் துளை. மூன்று டிரில் பிட் உடைந்தது. போல்ட் இல்லை. தார்ப்பாய் கட்டும் கயிற்றில் கோத்து, அடியில் சைக்கிள் டியூப் துண்டு.

அடித்தேன்.

பட்டறையில் வெல்டிங் நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சுருதி சேர்ப்பது. சத்யா அவள் அம்மாவின் போனில் சுருதி பார்க்கும் ஆப்பை வைத்துக்கொண்டு சொல்லுவாள் (சுருதி சேர்ந்தால் பச்சைக் கோடு), நான் அரத்தால் கட்டையின் அடிவயிற்றைத் தேய்ப்பேன். நடுவில் தேய்த்தால் ஒலி இறங்கும். இந்த மரத்தில் பத்து நிமிடம் தேய்த்தால் ஒரு சிட்டிகைத் தூள். கை முழுக்கச் சிவப்பு. ச, ரி, க முடிந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

ம, ப, த, மேல் ச. கொப்புளம் நான்கு. சந்தோஷம் அதைவிடப் பெரிது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாளை கடைசி நாள். இன்று நி.

"இன்னும் கொஞ்சந்தான்டி, இன்னும் கொஞ்சந்தான்" என்றாள் சத்யா. நானும் தேய்த்தேன். "ஐயோ, எறங்கிப் போச்சுடி!" நி கீழே போய்த் த மாதிரி ஆகிவிட்டது. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியுமா? வேறு கட்டை இல்லை. சத்யா மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் நான் நோட்டைப் பிரித்தேன். 15ஆம் தேதி என் கையெழுத்திலேயே இருந்தது: குட்டையானால் ஒலி ஏறும்.

"அப்பா, ரெண்டு பக்கமும் துளியூண்டு அறுத்துக் குடுங்க."

"நெசமாவா சாமி? அறுத்துட்டா அறுத்ததுதான்."

"நெசமாங்கப்பா."

அறுத்தார். தட்டினேன். ஏறியது, போதவில்லை. இன்னும் ஒரு நூல் அளவு. சத்யா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டறை முழுக்க ஓடினாள். பச்சை! பச்சைக் கோடு!

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேசை மேல் வைத்தோம். கும்மி மெட்டு ஒன்றை வாசித்தோம். தலைமையாசிரியை பேனாவைத் திறந்து இரண்டு பெயர்களையும் எழுதினார். இனிஷியல்கூடக் கேட்டு எழுதினார்.

செப்டம்பர் 18, வியாழன்

முதல் பரிசு! வட்டாரத்தில் முதல் பரிசு!

எங்களுக்கு முன்னால் கீபோர்டு நான்கு, வயலின் ஒன்று. நடுவர் ஒருவர் எழுந்து வந்து கட்டையைத் தொட்டுப் பார்த்தார். "எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடையில இல்லைங்க சார். செஞ்சோமுங்க."

"யாரு செஞ்சது?"

கூட்டத்தில் அப்பா இருந்தார், லாரி பெயின்ட் படிந்த சட்டையோடு. நான் கையை நீட்டுவதற்குள் அவர் என்னைக் காட்டிவிட்டார்.

அடுத்து மாவட்டம். திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோருக்கும் பரிசுக் கேடயத்தைக் காட்டியதில் சத்யா டிக்கெட் எடுக்க மறந்துவிட்டாள். கண்டக்டரிடமும் கேடயத்தைக் காட்டினாள்.

செப்டம்பர் 22, திங்கள்

வாத்தியம் இப்போது பள்ளியில்தான் இருக்கிறது. மதிய இடைவேளையில் வாசித்துப் பழகப் போனேன். ஆறாம் வகுப்பில் இருந்து எட்டாம் வகுப்பு வரை வரிசை நிற்கிறது. நடுவில் புகுந்தால் அடிக்க வருகிறார்கள். பின்னால் போய் நின்றேன், பதினேழாவது ஆளாக. என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது.