படியில் விழாத நிழல்

பாறசாலை,
18-11-1996

ஜிஜோவின் அப்பாவுக்கு ரத்னபாய் எழுதுவது. கர்த்தர் உங்களை எந்த ஊரில் வைத்திருந்தாலும் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் உயிரோடிருக்கிறோம்.

சவூதியில் உங்கள் தம்மாம் கேம்ப் விலாசத்துக்கு எழுதிய கடிதங்கள் திரும்பியும் வரவில்லை, பதிலும் இல்லை. டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள், ஆட்கள் சிதறிவிட்டார்கள் என்று வெள்ளறடைக்காரர் ஒருவர் வந்து சொன்னார். உங்களைக் கண்டாரா என்று கேட்டதற்கு, காணவில்லை என்றார். தம்மாமுக்குத் திரும்பிப் போகும் அவருடைய மச்சான் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்களைத் தேடச் சொல்லித் திருவனந்தபுரத்து ஆபீசில் மனு கொடுக்கப் போனேன். நீங்கள் நான்கு வருடமாக ஊருக்கு வரவில்லை என்று பஞ்சாயத்து மெம்பர் எழுதித் தர வேண்டுமாம். ராஜப்பன் மெம்பர் மாட்டேன் என்கிறார். ஜனவரியில் ஜெபம் செய்து நம் புது வீடு புகுந்த பிரதிஷ்டைக்கு நீங்கள் வந்திருந்தீர்களாம். வாசல்ல நின்ன கனகதாசுக்க கையப் பிடிச்சுப் பேசினவனாக்கும் நான், பின்ன எப்பிடி வரல்லேன்னு எழுதுவேன் என்று என்னிடமே கேட்கிறார்.

எல்லாம் அந்தப் பிரதிஷ்டை வீடியோ கேசட்டின் வேலை. லீவு கிடைக்கவில்லை, ஆனாலும் வீட்டுக்காரன் இல்லாமல் வீடு புகுந்தார்கள் என்று பேச்சு வரக் கூடாது, ஸ்டுடியோவில் சொல்லி என்னையும் சேர்த்துப் போடு என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? ஸ்டுடியோ சுந்தரதாஸும் உங்கள் தங்கை விமலகுமாரியின் பழைய கல்யாணக் கேசட்டிலிருந்து உங்களைப் பெயர்த்தெடுத்து, மிக்சிங் செய்து நம் வாசலில் நிறுத்தினான். கோட்டுப் போட்டுக் கும்பிட்டுச் சிரிக்கிறீர்கள். அதைப் பார்க்காத வீடு இங்கே இல்லை. அன்று நேரில் வந்து சாப்பிட்டுப் போனவர்களுக்குக்கூட வாசலில் நான் தனியாக நின்றது ஞாபகமில்லை. கேசட்டில் கண்டதுதான் ஞாபகம்.

சுந்தரதாஸையே கூட்டிக்கொண்டு போய், ஒட்டியது நான்தான் என்று சொல்ல வைத்தேன். எலே, நீ அவ்வளவு பெரிய ஆளாலே என்று மெம்பர் சிரித்துவிட்டார். கல்யாணக் கேசட்டைப் போட்டுக் காட்டினால் அதே கோட்டு, அதே சிரிப்பு என்று தெரிந்துவிடுமே என்று விமலாவின் வீட்டுக்கு ஓடினேன். உலகக் கோப்பை சமயத்தில் அவள் மாப்பிள்ளை அதன்மேல் கிரிக்கெட்டைப் பதிந்து வைத்திருக்கிறார். நீங்கள் நிஜமாக நின்ற இடத்தில் யாரோ பந்து எறிகிறார்கள். ஒட்டுப்போட்டது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இதில் ஊர்ப்பேச்சு வேறு. வந்த மனுஷனிடம் சண்டை போட்டு விரட்டிவிட்டேனாம். உங்கள் அம்மா தினமும் அந்தக் கேசட்டை டெக்கில் போடச் சொல்கிறார். எனக்க பிள்ளை வந்திட்டுத்தானே போனான், நீ எதுக்கு மக்கா அழுவுத என்று என்னைத் தேற்றுகிறார். உங்களுக்காக ஜெபிப்பதையும் நிறுத்திவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களைத் தேட வேண்டியவர்கள் எல்லாரும் உங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நேற்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல காலை வெயில். எல்லாருடைய நிழலும் படியில் விழுகிறது, உங்களுடையது மட்டும் இல்லை. ஜிஜோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா நின்ன இடத்துல வெயில் இருந்திருக்காது அம்மா என்றான். பிரதிஷ்டை அன்று முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அவன். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

வேலை போனால் போகட்டும். போட்டோ அனுப்ப வேண்டாம், கேசட் வேண்டவே வேண்டாம். அந்தக் கோட்டும் சிரிப்பும் எனக்கு எதற்கு? நரைத்து, மெலிந்து, வெறுங்கையோடு வந்தாலும் போதும். கர்த்தர் உங்கள் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும். வந்து, ஒரே ஒரு காலை நேரம், அந்தப் படியில் உங்கள் நிழல் விழ நில்லுங்கள்.

உங்கள்
ரத்னபாய்