பாலர் வகுப்பில் ஒரு மீசை

18-1-82
இன்றும் அழுதார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு குரல் எழுந்தது. உள்ளே போவதற்குள் வகுப்பு மொத்தமும் சேர்ந்துகொண்டது.

பயிற்சிப் பள்ளியில் ஆளுக்கொரு பள்ளிக்கூடம் ஒதுக்கிய அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து வந்து பார்த்தால், யாரும் எடுக்காமல் மிச்சம் கிடந்தது எனக்கு விழுந்திருக்கிறது: சங்கரன்கோவிலில் அரிசி மண்டிக்கு மாடியில் நடக்கும் நர்சரிப் பள்ளி, எல்.கே.ஜி. வகுப்பு. ஆள் ஆறடி, மீசை எங்கள் ஊர் ராயகிரி மீசை, பிள்ளைகளுக்கு வயது நாலு. ஒதுக்கிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

முதலில் சும்மா உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பிறகு ஆசிரியைக்கு உதவ வேண்டும். கடைசியில் விரிவுரையாளர் முன்னால் ஒரு பாடம் நடத்தி மார்க் வாங்க வேண்டும். கவனிப்பது என்றால், பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து குறிப்பு எழுதுவது. இன்றைய குறிப்பு: பிள்ளைகள் அழுகிறார்கள். காரணம்: நான்.

19-1-82
இன்று ஒருவன் மட்டும் அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான்.

22-1-82
அழுகைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆயா மாடத்தி சொன்னாள்.

"சாரு, இந்த ஊர்ல எந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுனாலும், 'இந்த உருண்டையத் தின்னலன்னா மீசைக்காரன் வந்து பிடிச்சிட்டுப் போயிருவான்'னுதான் சொல்லுதோம். இப்பம் அவனே வந்து பக்கத்துல உக்காந்தா, பிள்ளைக என்ன செய்யும்?"

ஆக, நான் வருவதற்கு முன்பே வீடு வீடாக எனக்கு விளம்பரம் செய்து வைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியை கோமதியம்மாள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்.கே.ஜி.க்கும் அவரேதான் பாடம் எடுக்கிறார். "போகப் போகச் சரியாயிரும் தம்பி" என்றார். போகப் போக என்றால் எவ்வளவு தூரம்?

24-1-82, ஞாயிறு
ராயகிரி. அம்மா போன பிறகு வீட்டில் அப்பா மட்டும்தான். நான் உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தார்.

"ஏலே காசி, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி விடுதியாமே?"

"இன்னும் இல்லப்பா. இப்பம் கவனிக்கத்தான் செய்யுதேன்."

"மூக்கு சிந்துததையா?"

சிரித்து முடித்துவிட்டு, முடிவாக ஒன்று சொன்னார். பாஸானால் வாத்தியார். இல்லையென்றால் அடுத்த பூ நடவுக்கு வயலில் இறங்கிவிட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. வயலில் நான் எதற்கு ஆவேன் என்பது எனக்கும் தெரியும், எங்கள் வீட்டுக் காளைகளுக்கும் தெரியும்.

பிள்ளைகள் மீசையைப் பார்த்து அழுவதைச் சொன்னேன். தன் மீசையைத் தடவிக்கொண்டார். என்னுடையது அதற்குப் பிள்ளை மாதிரி இருக்கும். "அழுதா அழுதுட்டுப் போகுதுக. நான் செத்தா எடுத்துக்கோ" என்றார். எங்கள் ஊரில் அப்பன் செத்தால்தான் மகன் மீசை எடுப்பான். வேறு காரணத்துக்கு எடுத்தவனை நான் கண்டதில்லை.

5-2-82
உதவும் வாரம். பொத்தான் போட்டேன், பொத்தான் கழற்றினேன், தண்ணீர் பிடித்தேன், மூக்குச் சிந்தி விட்டேன். அப்பாவுக்குச் சொல்லப்போவதில்லை.

இன்று பெரிய சங்கதி. பூக்கட்டும் வீட்டுப் பிள்ளை மாரித்தாய், நான் குனிந்து அவள் செருப்பு வாரை மாட்டும்போது, மீசையைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நெசம்தான்ட்டி" என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள். பிறகு வரிசையாக எல்லாரும் வந்து இழுத்துப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டார்கள். மதியம் அந்த மீசையை வைத்துக்கொண்டு கரடி மாதிரி உறுமிக் காட்டினேன். யாரும் அழவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று உயிரை வாங்கிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது என்னை "மீசை சார்" என்று கூப்பிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

11-2-82
விரிவுரையாளர் சங்கரநாராயணன் சார் முன்னோட்டம் பார்க்க வந்தார். பிள்ளைகள் என் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் உள்ளே வந்ததும், அவருடைய கண்ணாடியைப் பார்த்துப் புதிதாக ஒருவன் அழுதான். அவர் என்னைப் பார்த்தார், குறிப்பு எழுதினார்: "தோற்றம் குழந்தைகளை அச்சுறுத்துவதாக உள்ளது."

"மீசைய எடுத்துருப்பா" என்றார் போகும்போது. "திங்கக்கிழமை பாடம் நடத்தணும்லா. போன வருசம் ஒருத்தன் இப்பிடித்தான் பிடிவாதம் பிடிச்சு ஃபெயிலாப் போனான்."

கோமதியம்மாளும் "ஆமா தம்பி, மசுருதான, வளரும்" என்றார்.

12-2-82
எடுப்பதா, வேண்டாமா. வயலா, வகுப்பா.

14-2-82, ஞாயிறு
எடுத்துவிட்டேன். ராயகிரியில் இல்லை, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், தெரியாத கடையில்.

நாவிதர் பாதி எடுத்துவிட்டுக் கத்தியை நிறுத்தினார். "அய்யா எப்பம் தவறுனாக அண்ணாச்சி?"

"யாரும் தவறல. எங்கப்பா நல்லா இருக்காரு."

"மனசு ஒத்துக்கிடாதுதான்" என்றார் அவர், மிச்சத்தை எடுத்துக்கொண்டே. "தலையையும் எடுத்துரவா?"

கண்ணாடியில் என் சித்தி மகன் மாதிரி யாரோ ஒருவன் இருந்தான்.

15-2-82
நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யார் நம்புவார்கள் என்று தெரியவில்லை.

மாடிப்படி ஏறினேன். மாடத்தி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "எய்யா... என்னைப் பெத்த அய்யா... போயிட்டாகளா..." என்று எடுத்தாள் பாருங்கள் ஓர் ஓலம், கீழே மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் நின்றுவிட்டார்கள். "மாடத்தி, அப்பிடி இல்ல, மார்க்குக்காக" என்கிறேன். அவள் அழுகையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கோமதியம்மாள் ஓடிவந்தார். என்னை மீசையை எடுக்கச் சொன்ன அதே கோமதியம்மாள்! வாயைப் பொத்திக்கொண்டார். "எப்பம் தம்பி? நேத்தா? இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

"அம்மா, நீங்கதான எடுக்கச் சொன்னீங்க..."

"நான் சொன்ன வாய்முகூர்த்தம் இப்பிடியா பலிக்கணும்!" என்று அவரும் அழ ஆரம்பித்தார்.

அதற்குள் சங்கரநாராயணன் சார் வந்துவிட்டார். மாடத்தி அவரிடம் சொல்கிறாள்: "பாவம், பாடம் நடத்தணும்னு தலைய மட்டும் விட்டு வச்சிட்டு வந்திருக்காரு." நான் வாயைத் திறந்தேன். அவர் என் தோளில் கைவைத்து, "ஒண்ணும் பேசாத. முடிஞ்ச மட்டும் நடத்து" என்றார்.

உள்ளே போனேன். பிள்ளைகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரே அழுகை. "மீசை சார் வேணும், மீசை சார் வேணும்." பாடம்: விலங்குகளும் அவற்றின் ஒலிகளும். ஒரு விலங்கும் எடுபடவில்லை. பின்னால் சார் கைக்குட்டையை எடுப்பது தெரிந்தது. "பிள்ளைகளுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்கம்மா" என்கிறார் கோமதியம்மாளிடம்.

வேறு வழி தெரியாமல் ஆள்காட்டி விரலை மேலுதட்டில் குறுக்கே வைத்துக் கரடி மாதிரி உறுமினேன். மாரித்தாய்தான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏட்டி, சாருதான்!" பிறகு வகுப்பே உறுமியது. எல்லாரும் விரலை மீசையாக வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அதைப் பார்த்துத்தான் கோமதியம்மாள் தாங்க முடியாமல் வெளியே போனார்.

முடிந்ததும் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா போன மறுநாள் பிள்ளைகளைச் சிரிக்க வச்ச பாரு. என் சர்வீஸ்ல பார்த்ததில்லப்பா." வராந்தாவில் நாங்கள் இரண்டு பேர்தான். மாடத்தி இல்லை, அழுகை இல்லை. சொல்ல வேண்டுமென்றால் அதுதான் நேரம். சொல்லியிருந்தால் மார்க்? வயல்?

நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிந்த தலை என்று அவர் எடுத்துக்கொள்ள அது நன்றாகப் பொருந்தியது.

20-2-82
நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. எங்கள் பயிற்சிப் பள்ளியில் முதல் மார்க். என் வாழ்க்கையிலேயே மிக மோசமான பாடத்துக்கு.

7-3-82
இந்த ஞாயிறும் ஊருக்குப் போகவில்லை. பரீட்சை என்று எழுதிப் போட்டேன். மீசை வளர்கிறது, மெதுவாக.

7-6-82
வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அதே மாடி, அதே எல்.கே.ஜி. "ஒங்கள மாதிரி ஆளை விட மனசில்ல சார்" என்றார் கோமதியம்மாள். தம்பி போய் சார் ஆகிவிட்டது. சேரும்போது தகப்பனார் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

3-8-82, ஆடித் தபசு
அப்பா தபசு பார்க்க வந்தார். இரண்டு பேரும் ரத வீதிக் கூட்டத்தில் நிற்கிறோம். எதிரே கோமதியம்மாள்.

"இவுக யாரு சார்? ஒங்க சாடையாவே இருக்காகளே."

வாய் தானாகச் சொன்னது: "பெரியப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கொட்டுச் சத்தம் விழுகிற நேரம்தான் பார்த்தார். பிறகு, "ஆமா தாயி. போனவன் எனக்குத் தம்பி. தங்கமான பய" என்றார். கோமதியம்மாள் அந்தத் திங்கட்கிழமைக் கதையை முழுக்கச் சொன்னார். அப்பா "உம்" கொட்டிக் கேட்டார். ஓர் இடத்தில் துண்டால் கண்ணைக்கூடத் துடைத்தார்.

அப்புறம் சர்பத் குடிக்கும்போது கேட்டேன், "எப்பிடிப்பா ஒடனே...?"

"எனக்கு மாசிலயே தெரியும்லே. சிவகிரி பஸ்ல கண்டக்டர் எங்கிட்டயே துக்கம் கேட்டான், 'ராயகிரி வெள்ளத்துரை தவறிட்டாராமே'ன்னு. ஆமா, நல்ல மனுசன்னு சொல்லி வச்சேன்." ஒரு மடக்குக் குடித்தார். "ஆமா, நான் செத்ததுக்கு எத்தன மார்க் போட்டான்?"

"தொண்ணூத்திரெண்டு."

"மிச்சம் எட்டு? மொட்டை போடலன்னு குறைச்சிட்டானோ?"

புரையேறச் சிரித்தேன். அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது சிரிப்பு இல்லை. உயிரோடு பக்கத்தில் நிற்கிற மனுஷனை நானே இல்லையென்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் போய்க் கோமதியம்மாளிடம் சொல்லிவிட வேண்டும்.

4-8-82
சொல்லவில்லை.

10-9-84
வியாழக்கிழமை அப்பா போய்விட்டார். வயலில் மடை திறக்கப் போனவர், வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தலையும் மீசையும் எடுத்தேன். ராயகிரி நாவிதர் எதுவும் கேட்கவில்லை. ஊரே வந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் யாரோ சொன்னார்கள், செய்தேன். அழுகை மட்டும் வரவில்லை.

இன்று பள்ளிக்கூடம். கோமதியம்மாளிடம் என்ன சொல்வது? அப்பாவை 82-லேயே அனுப்பியாயிற்று. "பெரியப்பா" என்றேன்.

"அடடா, தபசுக்கு வந்தாகளே, அவுகளா! பெரியப்பாவுக்கே மொட்டை போட்டிருக்கீங்களே சார். பெத்த அப்பா மாதிரி நெனைச்சிருக்கீங்க." பெரியப்பா என்றால் ஒரு நாள் லீவுதான் உண்டு. வெள்ளிக்கிழமையோடு அது முடிந்துவிட்டது.

வகுப்பில் புதுப் பிள்ளைகள். என் முகத்தைப் பார்த்து அழுதார்கள். சமாளிக்கத் தெம்பில்லாமல் வராந்தாவுக்கு வந்தேன். மாரித்தாய் நின்றுகொண்டிருந்தாள். இப்போது இதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு.

"மறுபடியும் ஏன் சார் மீசைய எடுத்தீங்க?"

"எங்கப்பா செத்துப்போயிட்டாரு மாரித்தாய்."

இந்தக் கட்டடத்தில் அதை நான் உண்மையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் யோசித்தாள்.

"அப்பம் அன்னைக்கு?"

"அன்னைக்குச் சும்மா."

"இன்னைக்கு?"

"நெசம்தான்."

குனியச் சொன்னாள். குனிந்தேன். தன் ஆள்காட்டி விரலை என் மேலுதட்டில் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டாள், உறுமச் சொல்கிற மாதிரி. நான் வாயைத் திறந்தேன். உறுமல் வரவில்லை. அப்பா செத்து நான் அழுதது அப்போதுதான்.