புகை போகும் வழி

அம்மா,

ஊதுபத்தி வாசனைக்கு அப்பா விழித்துவிடுவாரோ என்று பயந்து பயந்து எழுதுகிறேன். நீ வாங்கி வைத்த பாக்கெட்டில் இரண்டு குச்சிகள்தான் மிச்சம். ஒன்றைக் கொளுத்திவிட்டேன். புகை மேலே போகிறது. அது போகும் இடத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.

இந்த வீடு கட்டும்போது நீ அப்பாவிடம் மல்லுக்கு நின்றாயே. "ஏனுங்க, கோழிக்கு மட்டும் வெயில் படாம கெழக்கு மேக்கா நீட்டி ஷெட் போடறீங்க, முகட்டுல சூடு போக வழி உடறீங்க. புள்ளைங்களை மட்டும் காங்கிரீட்டுல வேக வெக்கோணுமா?"

"அப்ப தீவனமும் வாங்கியாந்து போட்டறலாமா?"

"வாங்கியாங்க. முட்டையை மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க."

அப்பா சிரித்துக்கொண்டே நீ சொன்னபடி கட்டினார். வேப்பமர நிழலில் தாழ்ந்த ஜன்னல்கள். ஓட்டுக் கூரையின் முகட்டில் கம்பிவலை போட்ட இடைவெளி, அதற்கு மேல் குட்டிக் கூரை. கோழிப்பண்ணை வீடு என்று கேலி செய்தவர்களே சித்திரையில் மதியம் தூங்க இங்கேதான் வந்தார்கள்.

குடிவந்த அன்று அந்த இருட்டு இடைவெளியைப் பார்த்து நான் அழுதேன். நீ ஊதுபத்தி கொளுத்திக் காட்டினாய். "பொகையப் பாரு கண்ணு. ஊட்டுச் சூடு அப்படித்தான் வெளிய போகுது. உள்ள ஆரும் வரமாட்டாங்க."

நீ காய்ச்சலில் போன பிறகு, அங்கிருந்து யாரோ எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது. காற்று வலையில் உரசினால் மூச்சுவிடுவதுபோலக் கேட்கிறது. நேற்று அலறிவிட்டேன். அப்பா ஓடிவந்து அணைத்துக்கொண்டார். "பயப்படாத அம்மணி. கொத்தனாரை வரச் சொல்லிப்போட்டேன். அதை அடைச்சுப்போட்டு ஏசி மாட்டிக்கலாம்."

எனக்காகத்தான் சொன்னார். ஆனால் பெரியம்மா வீட்டு ஏசி அறையில் கரண்ட் போன அன்று தம்பி உடம்பெல்லாம் சிவந்து மூச்சுக்குத் திணறியது என் கண்ணிலேயே நிற்கிறது. இங்கே கரண்ட் போனாலும் அவன் தூங்குவான். இப்போதுகூட என் பக்கத்தில், வேர்க்காமல், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான்.

சுவரில் ஏணி சாத்தியாகிவிட்டது. விடிந்தால் கொத்தனார் வந்துவிடுவார். "எனக்குப் பயந்தானுங்கப்பா, ஆனா அடைக்காதீங்க" என்று முணுமுணுத்துப் பார்க்கிறேன். 'ஆனா' வரைக்கும்தான் வருகிறது.

இப்போது நிமிர்ந்து பார்த்துவிட்டேன், அம்மா. பயம் போகவில்லை. புகை மட்டும் வலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு குச்சியைப் பாவாடை மடிப்பில் செருகி வைத்திருக்கிறேன். காலையில் பேச வாய் வராவிட்டால், ஏணிக்குக் கீழே நின்று அதைக் கொளுத்தி அப்பாவுக்குக் காட்டுவேன்.