எந்த எலும்பு உங்களுக்குப் பிடிக்கும்?

கராகோல்,
அக்டோபர் 9

அன்பு மகள் பெகாயிமுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அது என்னைவிட இருபது வயது மூத்தது போல நடந்துகொள்கிறது, அதனால் அதை மரியாதையோடு தனியாக விட்டிருக்கிறோம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதக் காரணம் பன்னிரண்டு நாளாக நீ பூனைப் படம் மட்டுமே அனுப்புகிறாய். பூனை நன்றாகக் கொழுத்திருக்கிறது, சந்தோஷம். இந்தக் கடிதத்தை உன் அத்தை மகன் தலாய் கையில் கொடுத்தனுப்புகிறேன், லாரி ஓட்டும் வேலைக்கு அவனும் வார்சாவுக்குத்தான் வருகிறான். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். ஃபோனில் பேசினால் நான் மறுபடியும் அதையே சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நீ நேராகத்தான் கேட்டாய். “என் வேலைய இன்னும் மூணு வருஷத்துக்கு நீட்டிக்கிறோம்னு சொல்றாங்கம்மா, இருபதாம் தேதிக்குள்ள கையெழுத்துப் போடணும். அங்க ஆஸ்பத்திரி லேபுல ஆள் எடுக்கறாங்கன்னு நீதானே சொன்னே. உனக்கு எது பிடிக்கும்? நீ சொல்றபடியே செய்வேன்னு இல்ல, எனக்குத் தெரிஞ்சுக்கணும்” என்றாய். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல், “உன் இஷ்டம் கண்ணு, நீயே பாத்துக்கோ” என்றேன். நீ “சரிம்மா” என்று வைத்துவிட்டாய். எவ்வளவு பெருந்தன்மையான தாய் நான் என்று அப்பாவிடம் போய்ப் பெருமை பேசினேன். அவர் யாருடைய ஃபிரிட்ஜையோ பிரித்துப் போட்டு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார், “ம்” என்றார். அந்த “ம்” பாராட்டு என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு மாதமாக நான் சோறு தின்பதே விருப்பம் என்ற ஒரு சொல்லால்தான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இங்கே டீத்தூள் விற்க வரப்போகிறது, அதற்கு முன்னால் வீடு வீடாகக் கேட்பதற்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்து என்னிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தது. நாற்பத்திரண்டு கேள்வி, ஒவ்வொன்றிலும் இரண்டில் எதை விரும்புகிறீர்கள், மூன்றில் எதை விரும்புகிறீர்கள். உன் அம்மா படித்தவள் அல்லவா, வேலையைச் சும்மா செய்து கொடுப்பாளா, அகராதிகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்துவிட்டேன். பிரெஃபரன்ஸ் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, ஒன்றை மற்றதற்கு முன்னால் தூக்கிக்கொண்டு போவது என்று அதற்கு அடி அர்த்தம். ரஷ்யர்களுக்கு ஒன்றை முன்னால் வைத்து மரியாதை செய்வது. துருக்கிக்காரர்கள் அரபியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்லில் ஒரு தராசு இருக்கிறது, ஒரு தட்டைக் கீழே சாயவைப்பது. நம் கிர்கிஸ் மொழியிலோ ஒன்றை அதிகமாகக் காண்பது, அப்படியென்றால் பக்கத்தில் இருக்கும் மற்றது குறைந்துபோகிறது, அதனால்தானோ என்னவோ நம் ஆட்கள் அந்தச் சொல்லை எழுதுவார்களே தவிர வாயால் சொல்லிக் கேட்பது அபூர்வம். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாலு மொழியில் தூக்குகிறார்கள், வணங்குகிறார்கள், சாய்க்கிறார்கள், காண்கிறார்கள், பெற்ற மகள் கேட்டபோது எனக்கு ஒன்றும் வரவில்லை.

மொழிபெயர்த்ததைச் சோதித்துப் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா ஹலிமாவிடம் போனேன். உப்பு போட்ட டீயா, பால் டீயா, எது பிடிக்கும் என்றேன். “எது இருக்கோ அதான்டி பிடிக்கும்” என்றாள். இரண்டும் இருந்தால் என்றேன். “ரெண்டும் இருக்கற வீட்டுல எனக்கென்னடி பிரச்சினை” என்று கதவைச் சாத்தாத குறையாக அனுப்பிவிட்டாள். அப்பாவிடம் கேட்டேன், அந்த ஆங்கிலச் சொல்லைக் காதில் வாங்கியதும் “வியாழக்கிழமை, லியோனித் வீட்டுல” என்றார். அவருக்கு அந்தப் பெயரில் தெரிந்தது கூட்டாளி லியோனித்தோடு ஆடும் சீட்டாட்டம் ஒன்றுதான், ரஷ்யர்கள் அந்த ஆட்டத்துக்கு இதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் ஆள் குறைகிறது என்று என்னையும் உட்காரவைத்தார்கள். ஆளுக்குப் பத்துச் சீட்டு, எத்தனை பிடி எடுப்பேன் என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், துணிச்சல் இல்லாவிட்டால் பாஸ் சொல்லலாம். நான் எல்லா ஆட்டத்திலும் பாஸ் சொன்னேன், நல்ல சீட்டு இருந்தபோதும் சொன்னேன். லியோனித் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “ஜிபார், கையில ராஜா ராணி எல்லாம் வெச்சிக்கிட்டு எதுக்கும்மா தூங்கறே?” என்றான். ஒரு தடவை அப்பாவும் பாஸ், அவனும் பாஸ், நானும் பாஸ். அப்பாடா, ஆட்டம் முடிந்தது என்று சீட்டைக் கீழே வைக்கப் போனேன், இரண்டு பேரும் சிரித்தார்கள். எல்லாரும் பாஸ் சொன்னால் ஆட்டம் நிற்காதாம், தலைகீழாகிவிடுமாம். அப்போது யாருக்கு அதிகப் பிடி விழுகிறதோ அவருக்குத்தான் தண்டனை. அந்த ராஜாவும் ராணியும் ஒவ்வொரு பிடியாக வாரிக்கொண்டு வந்து என் மடியில் கொட்டின. நான்தான் தோற்றேன்.

இனிமேல்தான் அவமானக் கதை. போன ஞாயிற்றுக்கிழமை எசென் பெரியப்பா மகனுக்குப் பார்த்த பெண் வீட்டார் வந்தார்கள். பெரியப்பா வீட்டில் கூரை பிரித்துக் கிடப்பதால் விருந்து நம் வீட்டில். பங்கு பிரிப்பது எப்போதும் பெரியப்பாதானே, யாருக்கு என்ன வயது, யாருக்கு எந்த எலும்பு என்று அவர் தலைக்குள் ஒரு பட்டியலே வைத்திருப்பார். அன்று தட்டு தயாரான நேரம் பார்த்து அவர் தெருவில் யாரோ குறுக்கே நிறுத்திய காரை எடுக்கச் சொல்லிச் சண்டை போடப் போய்விட்டார், அப்பா ரொட்டி வாங்கப் போயிருந்தார். இறைச்சி ஆறுகிறதே என்று பெரிய தட்டை நானே தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். விருந்தின் தலைமை இடத்தில் பெண்ணின் தாத்தா இமான்குல் உட்கார்ந்திருந்தார், எழுபத்தெட்டு வயது, வந்தவர்களில் மூத்தவர், இடுப்பெலும்பு அவருக்குத்தான் என்பது தட்டுக்கே தெரியும். இரண்டு மாதமாக ஒரே கேள்வியை மென்றுகொண்டிருந்த வாய், என்ன செய்வது, குனிந்து மிகப் பணிவாகக் கேட்டுவிட்டேன், “தாத்தா, எந்த எலும்பு உங்களுக்குப் பிடிக்கும்?”

பெகாயிம், அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இமான்குல் இறைச்சி அறுக்க எடுத்திருந்த கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். “இந்த வீட்டுல என் வயசு என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாதோ?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அவர் மருமகள், “மாமா, அவங்க வாய் தவறி...” என்று ஆரம்பித்தாள். “வாய் தவறல, பல்லைப் பாத்துக் கேக்கறாங்க, கிழவன் மெல்லுவானா மாட்டானான்னு” என்றார். அதற்குள் பெரியப்பா ஓடி வந்து நிலைமையைப் பார்த்து, “சம்பந்தி, எங்க வீட்டு மருமக படிச்சவ, ஆட்டைப் பாத்தாலும் பரீட்சை வைப்பா, மன்னிச்சிருங்க” என்று சொல்லி இடுப்பெலும்பை எடுத்து இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். இமான்குல் மட்டும் சிரிக்கவில்லை. நான் அடுக்களைக்குப் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை இன்னொரு முறை கழுவினேன். கல்யாணம் நின்றுபோனால் இந்த ஊரில் என்னைக் காலமெல்லாம் எலும்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு தட்டாக எண்ணிக்கொண்டேன்.

புறப்படும்போது அவரவர் பங்கைப் பையில் கட்டிக் கொடுத்தேன், தலையை நிமிர்த்தவே இல்லை. இமான்குல் மற்றவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டுவது போல மெதுவாக நின்றார். “மருமகளே, இங்க வா” என்றார். திட்டத்தான் போகிறார் என்று போனேன். பையைத் தூக்கிக் காட்டினார். “இந்த எலும்பு இருக்கே, முப்பது வருஷமா ஒவ்வொரு வீட்டுலயும் எனக்கு வெக்கறாங்க. ஒரு தடவகூட நான் தின்னதில்ல, பேரப்பிள்ளைங்கதான் தின்னும். எனக்குக் கழுத்துக்கறிதான் பிடிக்கும். சின்ன வயசுலேருந்து” என்றார். அப்படியானால் அடுத்த தடவை கழுத்தையே வைக்கிறேன் தாத்தா என்று அசடு போலச் சொன்னேன். “வெச்சுப் பாரு, அப்பவே எந்திரிச்சுப் போயிடுவேன்” என்றார். பிறகு சிரித்தேவிட்டார், அவருக்கு மேல்பல் நிஜமாகவே இல்லை. “கேட்டது தப்பில்ல புள்ள. அத்தனை பேருக்கு முன்னாடி கேட்டே பாரு, அதான் தப்பு. தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் தனியா கேட்டதில்ல.” காரில் ஏறும்போது பெரியப்பாவிடம், அடுத்த மாதம் நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ என்னைத் தனியாகத்தானே கேட்டாய். ஃபோனில் நாம் இரண்டு பேர் மட்டும், பெரியப்பா இல்லை, தட்டு இல்லை, யார் மூத்தவர் என்ற பட்டியல் இல்லை. அப்போதும் பாஸ் சொன்னேன். அதைப் பெருந்தன்மை என்று பெயர் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன், எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தால் அது பயம். வா என்று சொல்லி நீ வந்து, இங்கே சம்பளம் போதாமல், சலித்துப்போனால் பழி என் மேல். வா என்று சொல்லியும் நீ வராவிட்டால் இமான்குல் மாதிரி கத்தியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்து முழுச் சுமையையும் உன் மடியில் கொட்டினேன். லியோனித் வீட்டில் அது என் மடியில் விழுந்தபோதுதான் எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

ஆகவே இப்போது சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு நீ இங்கே வருவதுதான் பிடிக்கும். ஆஸ்பத்திரி வேலை சுமார்தான், சம்பளம் அங்கே கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, குளிர் உனக்குத் தெரியும், மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று உன் அத்தை உயிரை எடுப்பாள். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிக்கதவு சத்தம் போட வேண்டும், அது நீயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் விருப்பம். இது ஆணை இல்லை, உன் தட்டில் நான் எலும்பு வைக்கவில்லை. நீ கேட்டாய், எனக்குப் பிடித்தது எது என்று சொன்னேன். நீ அங்கேயே கையெழுத்துப் போட்டால் நான் அழுவேன், இரண்டு நாள் அப்பாவிடம் எரிந்து விழுவேன், மூன்றாம் நாள் பூனையின் எடையை விசாரிப்பேன். சுவரைப் பார்த்து உட்கார மாட்டேன், முழங்கால் அதற்கு இடம் கொடுக்காது.

என் முறை முடிந்தது. இனி உன் முறை. உனக்கு எது பிடிக்கும் என்று எழுது, இருபதாம் தேதிக்கு முன்னால் எழுது, ஃபோனிலும் சொல்லலாம், அப்பா வியாழக்கிழமை வீட்டில் இருக்க மாட்டார். நீயும் என் வயிற்றில் பிறந்தவள்தான், அதனால் ஒரே ஒரு வேண்டுகோள், “நீயே சொல்லும்மா” என்று மட்டும் பதில் போடாதே.

தலாயிடம் உலர்ந்த தயிர் உருண்டை ஒரு பையும் ஆப்பிள் ஜாம் இரண்டு பாட்டிலும் கொடுத்திருக்கிறேன், அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு. அதற்கு அடியில் நாலு பெட்டி மல்லிகை டீ இருக்கும். நீ ஒவ்வொரு வருடமும் எனக்கு ஆசையாக வாங்கி அனுப்புவதுதான். எனக்கு அது பிடிக்காது கண்ணு, சோப்புத் தண்ணீர் குடிப்பது போல இருக்கும், நாலு வருடமாகச் சொல்லவில்லை. நீயே குடித்துவிடு.

உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உன் ரொட்டி முழுசாக இருக்கட்டும், எந்த வாசலில் நீ நுழைந்தாலும் உள்ளே உனக்காக அடுப்பு எரியட்டும் என்று இரண்டு கையையும் முகத்தில் வைத்து வேண்டிக்கொள்கிறேன். அப்பா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார், “ம்” என்றுதான் சொன்னார், இந்தத் தடவை எனக்கு அர்த்தம் புரிந்தது. இதற்குக் கீழே மை திட்டாக ஒரு வரி இருக்கும். எதுவானாலும் எனக்குச் சம்மதம் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், அடித்துவிட்டேன்.

உன் வரவை விரும்பும்
அம்மா ஜிபார்