உப்பிட்ட ஆவண அறையும் தெற்கு மூலைக் கல்லறைகளும்

அனுப்புநர்
சூ. பொன்மலர், எம்.ஏ., பி.டி.,
வரலாற்று ஆசிரியை,
பழைய ரயில் நிலையத் தெரு,
ஆம்பூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வட ஆற்காடு மாவட்டம்,
வேலூர்.

பொருள்: மேலக்கரைக் கல்லூரியின் பழைய ஆவணங்களை உப்பிட்டு அழித்தது, வளாகத்தின் தெற்கு மூலையில் உள்ள கல்லறைகளைத் தோண்டுவது ஆகியவை குறித்து உடனடி நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் ஆம்பூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். மேலக்கரைக் கல்லூரியின் பழைய மாணவி. அக்கல்லூரி இந்த ஆண்டு பொன்விழாக் கொண்டாடுகிறது. விழா மலருக்காகக் கல்லூரி வளாகத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி அதன் செயலர் திரு. சத்தியநாதன் கடந்த ஜனவரியில் என்னைக் கேட்டுக்கொண்டார். அவர் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் உரிமையாளர். கல்லூரியையும் ஆலையைப் போலவே நடத்தி வருபவர். நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். அந்த மகிழ்ச்சிக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதை நான்காம் பத்தியில் தெரிவித்துள்ளேன்.

2. கல்லூரியின் பழைய ஆவணங்கள் நூலகத்து மாடிப்படிக்குக் கீழே உள்ள நீண்ட அறையில் இருக்கின்றன. சாவி எழுத்தர் திரு. ஜெபராஜிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அவரிடம் போனால் சாவி செயலரின் ஆலையில் என்றார். ஆலைக்குப் போனால் ஐயா சென்னைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். கோடை விடுமுறை முழுவதும் இப்படியே கழிந்தது. மலர் அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிய பிறகு, ஆகஸ்டு மாதத்தில், மழை நாளொன்றில்தான் கதவைத் திறந்தார்கள்.

3. நான் தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, பின்னால் உள்ள வீட்டில் வளர்ந்தவள். வெளியூர்க்காரர்கள் ரயில் ஆம்பூரை நெருங்கும்போதே மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அந்த வாடை ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட நானே அந்த அறை வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அலமாரிகளில், கட்டுகளுக்கு இடையில், திறந்து கிடந்த புத்தகங்களின் மேல், தரையில், எங்கும் உப்பு. சுத்தமான உப்பு அல்ல. பச்சைத் தோலை ஊறல் தொட்டியில் போடுவதற்கு முன் உதறித் தட்டி எடுக்கிற பழைய உப்பு. மாட்டு மயிரும் காய்ந்த இரத்தமும் கொழுப்புத் துணுக்குமாக, பழுப்பு நிறத்தில், மழை ஈரத்தில் கசிந்து சொட்டிக்கொண்டிருந்தது. திரு. ஜெபராஜிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பூச்சி ஜாஸ்தி ஆயிடுச்சி டீச்சர். தோல் அட்டை போட்ட புக்கெல்லாம் வண்டு துளைச்சிடுச்சி. செகரட்டரி ஐயாதான் ஷாப்லருந்து மூட்டை அனுப்பி, தோலுக்குப் போடற மாதிரி போடுன்னாரு. நான் இன்னா பண்றது?"

தோல் கெடாமல் இருக்க உப்பிடுவது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். உப்பு மழைக்காலத்தில் நீர் விடும் என்பதும் தெரியும். உப்பிட்ட தோல் அடுத்துத் தண்ணீருக்குத்தான் போகப் போகிறது, அதனால் நஷ்டமில்லை. காகிதமும் அப்படிப் போக வேண்டியதா என்று செயலர் ஒரு கணம் யோசிக்கவில்லை. அதற்கும் வாங்கிய உப்பைப் போட மனம் வராமல், குப்பையில் கொட்ட வைத்திருந்ததை அனுப்பியிருக்கிறார். இருந்த வண்டுகள் சாகவில்லை. மூட்டையோடு புதிய வண்டுகளும் வந்து சேர்ந்தன.

மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் ஒரே கட்டியாகிவிட்டன. புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகங்கள் உரிந்து வருகின்றன. ஒரு கட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டேன். புழு நெளிந்தது. அன்று இரவு அந்தக் கையால் சோறு பிசைய என்னால் முடியவில்லை.

4. இனி என் சொந்தக் காரணம். 1943ஆம் ஆண்டு இப்பகுதியில் காலரா பரவியபோது ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நோய்ப் பிணங்களைச் சேர்க்கவில்லை. கல்லூரியின் அன்றைய முதல்வர் வளாகத்தின் தெற்கு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். தோல் ஷாப்புத் தொழிலாளர்கள், விடுதிச் சமையல்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். விடுதிச் சமையலறையில் வேலை செய்த என் தாயார் அன்னம்மாள் அவர்களில் ஒருவர். நான் அப்போது கைக்குழந்தை. அவருடைய முகம் எனக்குத் தெரியாது, படமும் இல்லை.

மரச் சிலுவைகள் கறையான் தின்று போய்விட்டதால் எந்த மேடு யாருடையது என்று எங்களில் எவருக்கும் தெரியாது. ஆகவே நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் எல்லாக் குடும்பங்களும் எல்லா மேடுகளுக்கும் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். ஒன்றை விட்டால் அது தன் வீட்டாருடையதாக இருந்துவிடுமோ என்ற பயம். என்னை வளர்த்த அத்தை, யாரை எங்கே புதைத்தார்கள் என்று முதல்வர் எழுதி வைத்திருந்ததாகச் சொல்வார். ஆவண அறைக்குள் போக எனக்கு இருந்த ஆசை அதுதான். அத்தை சொன்னது சரியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

5. ஆனாலும் கல்லறைகளைப் பற்றித் தெரிந்ததை எழுதிக் கொடுத்தேன். செயலர் அப்பக்கங்களைக் கிழித்து எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டார். காரணம் கேட்டதற்கு, "பேப்பர் இருக்குதாம்மா? பேப்பர் இல்லாதத எப்படிம்மா மலர்ல போடறது?" என்றார். பேப்பர் உங்கள் உப்புக்குள் இருக்கிறது ஐயா என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

அதே மலரின் முதல் பக்கத்தில், கல்லூரிக்கு நிலம் கொடுத்த வள்ளல் என்று அவருடைய தகப்பனார் படத்தோடு இருக்கிறார். அந்தத் தானத்துக்கான பத்திரமும் அதே அறையில், அதே உப்பில்தான் கிடந்தது. அதற்கு மட்டும் யாரும் பேப்பர் கேட்கவில்லை. ஐயா, எனக்கு இதை விட அருவருப்பாக இருப்பது எதுவும் இல்லை. அந்தப் புழுவைக் கூட மன்னித்துவிடுவேன்.

6. பேப்பர் ஏன் கேட்டார் என்பது இம்மாதத் தொடக்கத்தில் விளங்கியது. பொன்விழா அரங்கத்துக்கு அவர் தேர்ந்தெடுத்திருக்கும் இடம் தெற்கு மூலை. மேடுகளை டிராக்டர் விட்டுச் சமன் செய்து, அடிக்கல்லுக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். தோண்டும்போது எலும்புகள் வந்தன. தோல் ஷாப்புக்காரர்கள் அந்தக் காலத்தில் கொட்டிய மாட்டெலும்பு என்று செயலர் கூறி, அவற்றைக் கூடையில் அள்ளிப் பாலாற்றங்கரையில் கொட்டச் சொன்னார்.

மண் சுமந்துகொண்டிருந்த பட்டம்மாள் என்னும் கூலிப் பெண், தன் கூடையிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்றை எடுத்துச் செயலரிடம் காட்டியிருக்கிறார். "மாடு இன்னா சாமி, கண்ணாடி வளையலா போட்டுக்கும்?" என்று கேட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து அவருக்கு அங்கே வேலை இல்லை. அவருக்கு எங்கள் சபையும் தெரியாது, எங்கள் கல்லறைத் திருநாளும் தெரியாது. துண்டை என் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டு, "யாரோ ஒரு பொம்பளைது டீச்சர், ஆத்துல போடக் கூடாது" என்று மட்டும் சொன்னார். நோய்ச் சாவு என்பதால் அன்று யாரும் பிணத்தின் கையைத் தொட்டு வளையல் கழற்றவில்லை என்று அத்தை சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

7. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது: தெற்கு மூலையில் வேலையை உடனே நிறுத்த ஆணையிட வேண்டும். ஆவண அறையைப் பூட்டி முத்திரையிட்டு, காகிதம் காப்பது எப்படி என்று அறிந்தவர்களை அனுப்ப வேண்டும். ஏதாவது ஒரு கட்டின் நடுவில் நான்கு பக்கங்களாவது பிழைத்திருக்கலாம். ஆற்றங்கரையில் கொட்டியவற்றைத் திரும்ப எடுத்து வந்து மரியாதையாக அடக்கம் செய்ய வேண்டும். பட்டம்மாளுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். வரும் நவம்பர் இரண்டாம் தேதி எங்களை உள்ளே விட வேண்டும். மேடுகள் இல்லை என்பது தெரியும். தரைக்குச் சுண்ணாம்பு அடிப்போம்.

8. நவம்பர் ஆறாம் தேதி அந்த அடிக்கல்லை நாட்டுபவர் தாங்கள் என்று அழைப்பிதழில் பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்த மனுவின் மேல் தாங்கள் ஆணையிடும் முன்பே அந்த நாள் வந்துவிட்டால், ஒன்றே ஒன்று செய்யுங்கள். சாந்து பூசும் கரணையைக் கையில் வாங்குவதற்கு முன் குழிக்குள் ஒருமுறை குனிந்து பாருங்கள். பச்சையாக ஏதாவது கிடந்தால், அருகில் நிற்பவர்கள் அது மாட்டினுடையது என்று தங்களிடமும் சொல்வார்கள்.

தங்கள் ஆணைக்காகக் காத்திருக்கும்,
சூ. பொன்மலர்
(ஒப்பம்)

இடம்: ஆம்பூர்
நாள்: 24.10.1983

இணைப்பு: ஆவண அறையில் எடுத்த உப்பு, சிறு பொட்டலம் ஒன்று. பிரிக்கும்போது சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

குறிப்பு: வளையல் துண்டை இத்துடன் இணைக்கவில்லை. அது என் தாயாருடையது என்று சொல்ல என்னிடம் பேப்பர் இல்லை. தாங்கள் அழைத்தால் நேரில் கொண்டுவந்து காட்டுவேன். கொடுக்க மாட்டேன்.